பூநாரை வந்தால் புள்ளி குறையுமா?

இரண்டு வீட்டுத் தோட்டங்களைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். முதலாவது தோட்டத்தில் ஒரு காலைப்பொழுதில் நூறு பறவைகளை எண்ணுகிறோம். அவற்றில் தொண்ணூற்றொன்று காகம். மீதி ஒன்பதும் ஒன்பது வகை. ஒரு மைனா, ஒரு செண்பகம், ஒரு மரங்கொத்தி, ஒரு தேன்சிட்டு என்று வகைக்கு ஒன்று மட்டும். இரண்டாவது தோட்டத்திலும் நூறு பறவைகள்தான். ஆனால் ஐந்தே வகை: காகம், மைனா, கிளி, புறா, கொண்டைக்குருவி. வகைக்கு இருபது. எந்தத் தோட்டத்தில் பறவைகளின் பல்வகைமை அதிகம்?

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் இராச்சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பார்த்தேன். வாப்பா யோசிக்கவே இல்லை. "முதலாவதுதான். பத்து வகை இரிக்கே" என்றார். உம்மா கறிச் சட்டியை மூடிவிட்டு, "அதுல காகம் மட்டுந்தானே கண்ணுக்குத் தெரியும். மத்ததெல்லாம் பேருக்கு ஒண்ணு. ரெண்டாவதுதான் நல்லம்" என்றார். ஏழாம் வகுப்பில் படிக்கும் தம்பி, "காகத்த விரட்டிட்டு எண்ணுங்க" என்றான்.

மூவரின் பதிலுக்கும் சூழலியலில் இடமுண்டு. வாப்பாவின் பதிலுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, உம்மாவின் பதிலுக்கு இரண்டு சூத்திரங்கள் இருக்கின்றன. தம்பி சொன்னதற்கும் கீழே வருகிறேன். உயிர்ப்பல்வகைமையை அளக்கும் சூத்திரங்களைப் பாடப்புத்தகம் தரும் ஒரு விடயமாக மட்டும் நாம் பார்த்துப் பழகிவிட்டோம். எந்தச் சூத்திரத்தைத் தெரிவு செய்கிறோமோ, அதிலேயே எந்த உயிருக்கு எவ்வளவு மதிப்பு என்ற தீர்ப்பும் அடங்கிவிடுகிறது. ஆகவே அந்தத் தெரிவை எண்ணத் தொடங்கும் முன்பே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரேயொரு எண்ணைக் காட்டி "இவ்விடம் வளமானது", "இவ்விடம் வளமற்றது" என்று எழுதுவதை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

வாப்பாவின் அளவீட்டுக்குப் பெயர் இன வளம். எத்தனை இனங்கள் என்று எண்ணினால் போதும். யாருக்கும் புரியும், பத்திரிகைத் தலைப்புக்கும் பொருந்தும். ஆனால் தொண்ணூற்றொரு காகமும் ஒரேயொரு மரங்கொத்தியும் அதில் சமம். அந்த மரங்கொத்தி அடுத்த வீட்டுத் தென்னைக்குப் பறந்துவிட்டால் பத்து ஒன்பதாகிவிடும்.

உம்மாவின் அளவீட்டுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. எட்வர்ட் சிம்ப்சன் என்ற பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிளெச்லி பார்க்கில் எதிரிகளின் இரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலையில் இருந்தார். ஜப்பானியக் கடற்படையின் செய்திகளும் அங்கு அவர் கைக்கு வந்தன. அதே கடற்படையின் செய்திகளைக் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருந்த அண்டர்சன் நிலையத்திலும் ஒட்டுக்கேட்டார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு செய்தியில் அதே எழுத்து மீண்டும் வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது குறியீடு உடைப்பவர்களுக்கு அன்றாடக் கேள்வி. 1949இல் சிம்ப்சன் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கட்டுரையொன்றில் இதே கேள்வியைப் பொதுவாக்கினார். தோட்டத்துக்குப் பொருத்திச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பறவையைத் தொடுங்கள், அதை விட்டுவிட்டு மீண்டும் ஒன்றைத் தொடுங்கள். இரண்டும் ஒரே இனமாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? முதலாவது தோட்டத்தில் அது ஏறத்தாழ 0.83. எதைத் தொட்டாலும் காகந்தான். இரண்டாவதில் 0.2. இந்த எண் சிறிதானால் பல்வகைமை பெரிது. அதனால் ஒன்றிலிருந்து அதைக் கழித்து எழுதுவது வழக்கம்: முதலாவதுக்கு 0.17, இரண்டாவதுக்கு 0.8. உம்மா வென்றார்.

இன்னொரு சூத்திரம் தொலைபேசியிலிருந்து வந்தது. பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய குளோட் ஷனன் 1948இல் கம்பி வழியே போகும் செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பதை அளக்க வழி சொன்னார். அடுத்த எழுத்தை ஊகிப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு தகவல். பறவைக்கு மாற்றினால், வேலியில் அடுத்து வந்து உட்காரப்போவது எது என்று ஊகிப்பது எவ்வளவு கடினம்? ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அந்தப் பங்கின் மடக்கையால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால் ஷனன் சுட்டி கிடைக்கும். முதலாவது தோட்டத்துக்கு 0.50, இரண்டாவதுக்கு 1.61. மீண்டும் உம்மாதான்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. மேலே நான் பயன்படுத்தியது இயற்கை மடக்கை. அதே ஐந்து இனங்களை, அதே இருபது இருபது பறவைகளை, இரண்டை அடியாகக் கொண்ட மடக்கையில் கணித்தால் 2.32 வரும். பத்தை அடியாகக் கொண்டால் 0.70. பறவை ஒன்றுகூட அசையவில்லை. அடி எதுவென்று எழுதாத ஷனன் சுட்டிகள் இரண்டை ஒப்பிடுவது, ஒருவர் முழத்தில் அளந்ததையும் மற்றவர் மீற்றரில் அளந்ததையும் பக்கத்தில் வைத்து எது நீளம் என்று கேட்பதுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஒரு காட்டில் நூறு மர இனங்கள் சம எண்ணிக்கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிம்ப்சன் முறையில், ஒன்றிலிருந்து கழித்த பின், 0.99. அதில் ஐம்பது இனங்கள் முற்றாக அழிந்துபோகின்றன. மீதி ஐம்பதும் சமமாக நிற்கின்றன. இப்போது சுட்டி 0.98. காட்டின் இனங்களில் பாதி போய்விட்டது, சுட்டி நூறில் ஒன்றுதான் இறங்கியிருக்கிறது! இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் "பல்வகைமையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை" என்று அறிக்கை எழுதலாம். அவர் பொய் சொன்னதாகவும் ஆகாது. கணிதத்தைப் பயன்படுத்தி ஏமாற்ற விரும்புபவருக்குக் கூட்டல் பிழை தேவையே இல்லை. பொருத்தமான சூத்திரம் ஒன்று போதும்.

இதற்கு மருந்து 1973இலேயே கிடைத்துவிட்டது. மார்க் ஹில் என்பவர் இந்த மூன்று அளவீடுகளும் உண்மையில் ஒரே குடும்பம் என்று காட்டினார். எந்தச் சுட்டியையும் அப்படியே எழுதாமல், சம எண்ணிக்கையில் உள்ள எத்தனை இனங்களுக்கு அது ஈடு என்று மாற்றி எழுதலாம். அப்படி எழுதினால் நூறு இனக் காடு நூறு, ஐம்பதாகக் குறைந்தால் ஐம்பது. பாதி போனால் எண்ணும் பாதியாகும். 2006இல் லூ ஜோஸ்ட் என்பவர் இதையே மிகத் தெளிவாக வலியுறுத்தினார்.

ஹில்லின் முறையில் ஒரு திருகி இருக்கிறது. அதைப் பூச்சியத்தில் வைத்தால் அபூர்வமான இனமும் மலிந்த இனமும் ஒரே குரலில் பேசும். இது வாப்பாவின் இன வளம். ஒன்றில் வைத்தால் ஒவ்வொரு இனமும் தன் பங்குக்கு ஏற்பப் பேசும். இது ஷனன். இரண்டில் வைத்தால் பெருங்கூட்டத்தின் சத்தம் ஓங்கி, ஒற்றைப் பறவையின் குரல் ஏறத்தாழக் கேட்காமலே போகும். இது சிம்ப்சன். நமது முதலாவது தோட்டம் இந்த மூன்றிலும் முறையே 10, 1.65, 1.21. இரண்டாவது தோட்டம் 5, 5, 5. இந்த இரு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் பத்து வகை இருக்கிறது, ஆனால் ஒரு வகையே ஆள்கிறது என்ற முழுக்கதையும் மூன்று எண்களில் தெரிகிறது. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக் கொள்கின்றன. அப்படி வெட்டிக்கொள்ளும் இடத்தில் "எது அதிகம்?" என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை.

பெற்றோர்களுக்கு இதில் புதிதாக எதுவுமில்லை என்று நினைக்கிறேன். உயர்தரத்தில் மூன்று பாடங்களின் புள்ளிகளையும் அப்படியே கூட்டிப் பார்ப்பதா, இசட் புள்ளியாக மாற்றுவதா என்பது எத்தனை வீடுகளின் தலைவிதியை மாற்றியிருக்கிறது! 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில்தான் நடக்கிறது. எழுதிய விடைத்தாள் ஒன்றுதான். அளக்கும் முறை மாறினால் உள்ளே போகிறவரும் வெளியே நிற்பவரும் மாறுவார்கள். அதனால்தான் அந்த முறை என்னவென்று பரீட்சைக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறோம். பறவைகளால் அப்படிக் கேட்க முடியாது.

அளவீடு மனிதர்களையும் மாற்றிவிடும். ஒரு பாடசாலைத் தோட்டப் போட்டியில் செடி வகை ஒன்றுக்கு ஒரு புள்ளி என்று விதி வைத்திருந்தார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் சில பாடசாலைகளில் முச்சக்கர வண்டிகளில் பூச்சட்டிகள் வந்து இறங்கின. அந்தூரியம் ஒன்று, குரோட்டன் ஒன்று, கள்ளி ஒன்று. போட்டி முடிந்ததும் அவை அதே வண்டியில் திரும்பிப் போயின. எட்டு வருடமாக வேம்பும் புங்கையும் வளர்த்து, கிளைகளில் அணில் கூடு கட்டும் அளவுக்கு நிழல் உண்டாக்கியிருந்த பாடசாலைக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. அந்த விதி இன வளத்தை அளந்தது, அதற்குப் பூச்சட்டி கிடைத்தது. நடுவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் விதிப்படி சரியாகத்தான் எண்ணினார்கள்.

அப்படியானால் எப்போதும் சிம்ப்சனைப் பயன்படுத்தலாமே, ஒற்றை ஒற்றையாகக் கொண்டுவந்து வைப்பவர்களுக்கு அது இடங்கொடுக்காதே என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில் பூந்தல.

அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கடலோரமாக இருக்கும் பூந்தல, 1990இல் இலங்கையின் முதலாவது ரம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். களப்புகளும் உப்பளங்களும் முட்புதர்க் காடும் சேர்ந்தது. வடக்கே குளிர் தொடங்கும் மாதங்களில் கரையோரப் பறவைகள் பல்லாயிரமாய் அங்கு வந்து இறங்கும். ஒரு காலத்தில் பூநாரைகளும் ஆயிரக்கணக்கில் வந்தன. அந்த இளஞ்சிவப்புக் கூட்டத்தின் படங்களைப் பார்த்துத்தான் பலர் பூந்தலவின் பெயரையே அறிந்தார்கள். எங்கள் உயிரியல் வகுப்பு அங்கு போன அன்று ஒரு பூநாரையும் இல்லை. வெயில் மட்டும் குறையில்லாமல் இருந்தது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என்னுடைய கற்பனை, கணக்கு உண்மை. ஒரு களப்பில் பத்து வகை நீர்ப்பறவைகள், வகைக்கு நூறாக ஆயிரம் பறவைகள் இருக்கின்றன. சமமாக இருப்பதால் சிம்ப்சன் வழியே வரும் ஈடான இனங்களின் எண்ணிக்கை சரியாக 10. ஒரு நாள் காலையில் நான்காயிரம் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. ஏற்கனவே இருந்த ஒரு பறவையும் போகவில்லை. களப்பு வாழ்க்கையில் இதைவிட நல்ல நாள் இருக்க முடியாது. மீண்டும் கணியுங்கள். இன வளம் 11. ஷனன் வழியே 2.6. சிம்ப்சன் வழியே வெறும் 1.55.

பூநாரை வந்ததால் பல்வகைமை பத்திலிருந்து ஒன்றரைக்கு விழுந்துவிட்டது என்கிறது சூத்திரம். மறுபக்கத்தையும் பாருங்கள். களப்பு கெட்டு, பூநாரைகள் வருவதை நிறுத்திவிட்டால் எண் மீண்டும் பத்தாக உயரும். அந்த அறிக்கையை வாசிக்கும் அதிகாரிக்குக் களப்பு தேறி வருவதாகத் தோன்றும்.

இது வெறும் விளையாட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பூந்தலவில் களப்புக்கு நடந்தது என்ன? கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டம் விரிவாக்கப்பட்ட பின், வயல்களிலிருந்து வடியும் நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளுக்குள் வரத் தொடங்கியது. களப்பின் உப்புத்தன்மை குறைந்தது. பூநாரை உண்ணும் நுண்ணிய உயிர்கள் உவர்நீரை நம்பி வாழ்பவை. நீர் நன்னீரானால் நன்னீர்த் தாவரங்கள் வரும், நன்னீர் மீன்கள் வரும், அவற்றைத் தேடி வேறு பறவைகளும் வரக்கூடும். இனங்களின் பட்டியல் நீளலாம். உவர்க்களப்பு என்ற தனித்தன்மை மட்டும் சத்தமில்லாமல் போய்விடும். வயலுக்கு நீர் கொடுத்தது குற்றமென்று நான் சொல்லவில்லை, அந்தச் சோற்றைத்தான் நாமும் உண்கிறோம். நடந்த மாற்றத்தைக் காட்டாத ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேச முடியாது என்றே சொல்கிறேன்.

பூந்தல இன்னொன்றையும் கற்பிக்கிறது. சீமைக் கருவேலும் நாகதாளிக் கள்ளியும் அங்கு ஆக்கிரமிப்புத் தாவரங்களாகப் பரவியிருக்கின்றன. இன வளத்தைக் கேட்டால், இரண்டு புதிய இனங்கள் வந்துள்ளன, இரண்டு புள்ளி கூடியது என்று மகிழ்ச்சியாகச் சொல்லும். ஷனனுக்கும் சிம்ப்சனுக்கும்கூட வந்தவர் விருந்தாளியா கொள்ளைக்காரரா என்று தெரியாது. இவை எல்லாமே பெயரைக் கேட்காத சூத்திரங்கள். காகமும் ஒன்று, உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் நமது தேசியப் பறவையான காட்டுக்கோழியும் ஒன்று. "காகத்த விரட்டிட்டு எண்ணுங்க" என்று தம்பி சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். உண்மையில் அவன்தான் மிகவும் முக்கியமானதைச் சொன்னான். எண்ணுவதற்கு முன் யார் யாரென்று பிரித்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டுக்குரியவை ஒரு நிரல், வலசை வருபவை ஒரு நிரல், ஆக்கிரமிப்பவை ஒரு நிரல். பிறகு ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே கணிக்கலாம்.

பெயரைக் கேட்கும் அளவீடுகளும் இருக்கின்றன. 1992இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த டான் ஃபெயித் ஒரு வழி சொன்னார். இனங்களை எண்ணாமல், அவற்றை இணைக்கும் கூர்ப்பு மரத்தின் கிளைகளின் நீளத்தைக் கூட்ட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் பத்து விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். பத்துப் பேரும் ஒரே வாப்பாவின் பிள்ளைகள் என்றால் அது ஒரு கதை, பத்து ஊர்களிலிருந்து பத்துக் குடும்பங்கள் வந்திருந்தால் அது வேறு கதை. நெருங்கிய உறவான பத்துத் தவளை இனங்களும், தவளை, ஆமை, ஓணான், மீன்கொத்தி என்று தூரத்து உறவான பத்து இனங்களும் இந்தக் கணக்கில் சமமாகா. எனக்கு இந்த அளவீடு பிடிக்கும். ஆனாலும் இதை மட்டும் நம்பினால் இலங்கைத் தவளைகளுக்கு அநியாயம் நடந்துவிடும். 2002இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த ஒரு கட்டுரை, நமது சிறிய தீவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட மரத்தவளை இனங்கள் இருப்பதாகச் சொன்னது. அதுவரை அறியப்பட்டிருந்தவை அதில் ஒரு சிறு பகுதியே. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. கிளைகள் குட்டையானவை என்பதற்காக அவற்றின் மதிப்பைக் குறைக்க என் மனம் ஒப்பவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வருடம் காட்டில் தவளைகள் திடீரென்று பெருகவில்லை. நாம் அவற்றைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டோம், அவ்வளவுதான். 'இனம்' என்ற அலகே நமது அறிவோடு மாறுவது.

எத்தனை மணி நேரம் எண்ணினோம் என்பதும் முக்கியம். ஒரு மணி நேரம் நின்றவர் பார்க்காத பறவையை ஐந்து மணி நேரம் நின்றவர் பார்ப்பார். பார்க்காததைக் கணக்கில் எடுக்கவும் கணிதத்தில் வழியுண்டு, அதுவும் பிளெச்லி பார்க்கிலிருந்தே வந்தது. அலன் டியூரிங்கின் யோசனை அது. அவருடன் வேலை செய்த ஐ.ஜே. குட் 1953இல் அதை வெளியிட்டார். அடுத்து வரும் பறவை இதுவரை பார்க்காத இனமாக இருப்பதற்கான வாய்ப்பு என்ன? ஒரேயொரு முறை மட்டும் பார்த்த இனங்களின் எண்ணிக்கையை மொத்தப் பறவைகளால் வகுத்தால் போதும். நமது முதலாவது தோட்டத்தில் அப்படி ஒன்பது இனங்கள். ஆகவே நூறில் ஒன்பது. இரண்டாவதில் பூச்சியம். அதாவது முதலாவது தோட்டத்தில் நாம் இன்னும் காணாத பறவைகள் ஒளிந்திருக்கின்றன. வாப்பாவிடம் இதைச் சொன்னபோது, தான் அப்போதே அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். தாய்வானைச் சேர்ந்த ஆன் சாவ் என்ற பெண் புள்ளிவிபரவியலாளர் 1984இல் இந்த வழியில் மேலும் சென்று, மறைந்திருக்கும் இனங்கள் குறைந்தது எத்தனை என்று மதிப்பிடும் எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தார். ஒருமுறை மட்டும் கண்ட இனங்களின் எண்ணிக்கையை வர்க்கித்து, இருமுறை கண்டவற்றின் எண்ணிக்கையின் இருமடங்கால் வகுக்க வேண்டும். இருபது இனங்களைக் கண்டு, அவற்றில் ஆறை ஒருமுறையும் மூன்றை இருமுறையும் பார்த்திருந்தால், முப்பத்தாறை ஆறால் வகுக்க ஆறு. ஆகக் குறைந்தது இருபத்தாறு இனங்கள் இருக்கக்கூடும். சாதாரண தர மாணவி போடக்கூடிய கணக்கு இது.

என்னை மிகவும் பயமுறுத்துவது இதுவரை சொல்லாத ஒன்று. ஷனனும் சிம்ப்சனும் பங்குகளை மட்டுமே பார்க்கின்றன. பத்து இனங்கள், வகைக்கு ஆயிரமாகப் பத்தாயிரம் பறவைகள் இருந்த களப்பில், அதே பத்து இனங்கள் வகைக்குப் பத்தாக நூறு பறவைகள் மட்டுமே எஞ்சினாலும் பங்குகள் மாறுவதில்லை. சுட்டி அன்றும் 10, இன்றும் 10. நூறில் தொண்ணூற்றொன்பது பறவைகள் இல்லாமல் போனதை இந்தச் சூத்திரங்களில் எதுவும் கண்டுகொள்ளாது. தொழுகைக்கு வருபவர்கள் ஐந்நூறிலிருந்து ஐந்தாகக் குறைந்தாலும் வரிசை நேராக இருக்கிறது என்று திருப்திப்படுவதற்குச் சமம் இது. ஆகவே எந்தச் சுட்டியை எழுதினாலும் பக்கத்தில் மொத்த எண்ணிக்கையை எழுதாவிட்டால் அந்த அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

இவ்வளவு சிக்கலையும் பார்த்துச் சலித்துப் போனவர்கள் விஞ்ஞானிகளிலும் உண்டு. 1971இல் ஸ்டுவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர், இனப் பல்வகைமை என்பது பொருளிழந்துபோன ஒரு கருத்து என்று தலைப்பிலேயே அறிவித்து ஒரு கட்டுரை எழுதினார். ஆளுக்கொரு சுட்டியை வைத்துக்கொண்டு அது எதை அளக்கிறது என்று கேட்காமல் இருப்பதுதான் அவரது கோபத்துக்குக் காரணம். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கருத்தையே கைவிட வேண்டியதில்லை. காய்ச்சல்காரரின் வெப்பநிலை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு மூன்றையும் வைத்தியர் தனித்தனியாகத்தான் எழுதுகிறார். மூன்றையும் கூட்டி ஓர் எண் தாருங்கள் என்று யாரும் கேட்பதில்லை.

"நிர்வாகத்துக்கு ஓர் எண்தான் வேண்டும், மூன்று நான்கு எண்களை வைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பது?" என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சிரமம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஓர் எண்ணைக் கேட்கும்போது முடிவெடுக்கும் பொறுப்பைச் சூத்திரத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். பூநாரையைக் காப்பதா, பட்டியலை நீட்டுவதா, உள்நாட்டுக்குரிய இனங்களுக்கு முதலிடமா என்பதை மனிதர்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும். எனது தெரிவைக் கேட்டால் சொல்லிவிடுகிறேன். ஹில்லின் மூன்று எண்கள், அவற்றின் பக்கத்தில் மொத்த எண்ணிக்கை, எண்ணிய நேரம், ஆக்கிரமிப்பு இனங்களுக்குத் தனி நிரல். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பூந்தல போன்ற இடமென்றால், அந்த இடத்துக்கே உரிய ஓர் இனத்தையும் பெயர் சொல்லித் தனியாக எண்ணுவேன்.

இதை ஏன் மாணவிகளும் பெற்றோர்களும் வாசிக்கும் சஞ்சிகையில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, பெரிய அபிவிருத்தித் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். அந்த அறிக்கையை முப்பது வேலை நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். யாரும் போய் வாசிக்கலாம், எழுத்தில் கருத்துச் சொல்லலாம். பொறியியலாளராகவோ விஞ்ஞானியாகவோ இருக்க வேண்டிய அவசியமில்லை. நமது ஊர்ப் பக்கத்துக் களப்பையோ வில்லையோ நிரப்பப் போகிறார்கள் என்று அறிவித்தல் வரும்போது, நம்மில் பலர் முகநூலில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். அந்த முப்பது நாட்கள் அப்படியே கழிந்துவிடுகின்றன.

அறிக்கையைத் திறந்து, தாவரங்கள், விலங்குகள் பற்றிய பகுதிக்குப் போங்கள். அங்கே ஒரு சுட்டி எழுதப்பட்டிருந்தால், அது எந்தச் சுட்டி, மடக்கையின் அடி எது, எந்த மாதத்தில் எத்தனை நாட்கள் எண்ணினார்கள், வலசைப் பறவைகள் வரும் காலம் அதில் அடங்குகிறதா, மொத்தம் எத்தனை உயிர்கள், ஆக்கிரமிப்பு இனங்களையும் சேர்த்து எண்ணினார்களா என்று கேட்டு எழுதலாம். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு நாள் எண்ணிவிட்டு வலசைப் பறவைகள் குறைவு என்று எழுதியிருந்தால் அது அந்த ஒரு கேள்வியிலேயே வெளிவந்துவிடும். கேள்விகள் ஒரு தாளுக்குள் அடங்கும். தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கணக்கைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் உயிரியல் வகுப்பில் கணிப்பானோடு பத்தொன்பது பேர் இருக்கிறோம்.